விதண்டாவாதி: சொல்லின் பொருளும் பிறப்பும்

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குச் சொற்போர்ப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். தொலைக்காட்சி விவாதங்களில் எதைச் சொன்னாலும் மறுத்துக்கொண்டே இருக்கும் ஒருவரை மாணவர்கள் ‘விதண்டாவாதி’ என்கிறார்கள். அடுத்தவர் பேச்சை முடிக்க விடாதவரையும் அப்படியே அழைக்கிறார்கள். சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளைத் திரிப்பவருக்கும் அதே பெயர்தான். மூன்றும் வெவ்வேறு குற்றங்களாக எனக்குப் படுவதால், இந்தச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் ஒன்று முன்பு இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் ஐயங்கள் இவை. விதண்டாவாதம் என்பதன் மூலப் பொருள் என்ன? தடியைக் குறிக்கும் தண்டம் என்ற சொல்லோடும், ‘வம்பு தண்டா’ என்று பேச்சில் வழங்கும் தண்டாவோடும் அதற்குத் தொடர்பு உண்டா? குதர்க்கம் என்பதும் இதுவும் ஒன்றுதானா? அவையேறி வாதிடுவோரைக் குறிக்கத் தமிழில் பழைய சொற்கள் எவை? நூல்களில் பயின்றவர்கள் விளக்கினால் மாணவர்களிடம் சரியாக எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

இது வடமொழித் தருக்க நூல்களிலிருந்து வந்த கலைச்சொல். கௌதமரின் நியாய சூத்திரம் தன் முதல் சூத்திரத்திலேயே பிரமாணம் தொடங்கி 16 பொருள்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் 10, 11, 12 ஆகிய இடங்களில் வாதம், ஜல்பம், விதண்டை என்ற மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இருவரோ பலரோ எதிரெதிராக நின்று உரையாடும் வகைகள் இவை. ‘கதை’ என்பது இம்மூன்றுக்கும் பொதுப்பெயர். கதை என்றவுடன் பாட்டி சொன்ன கதையை எண்ண வேண்டாம். தருக்கத்தில் அது முறைப்படுத்தப்பட்ட விவாதத்தின் பெயர்.

வாதம் என்பது உண்மையை அறிவதற்காக நடப்பது. குருவும் மாணவனும், அல்லது உண்மையை விரும்பும் இருவரும், ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டு சான்றுகளாலும் தருக்கத்தாலும் நிறுவியும் மறுத்தும் பேசுவார்கள். தோற்றவர் தோல்வியை இழிவாகக் கருதமாட்டார். ஜல்பத்திலும் இரு பக்கங்கள் உண்டு, இருவரும் தத்தம் பக்கத்தை நிறுவத்தான் வேண்டும். ஆனால் நோக்கம் வெற்றி. அதனால் சொல்லைத் திரித்தல், பொய்யான ஒப்புமை காட்டுதல், எதிராளியைத் தடுமாற வைத்துத் தோல்வி நிலைக்குத் தள்ளுதல் ஆகியவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

விதண்டைக்கு நியாய சூத்திரம் தரும் இலக்கணம் ஒரே வரி: எதிர்ப்பக்கத்தை நிறுவாத ஜல்பமே விதண்டை. அதாவது, முன்னவர் ஒரு கருத்தை நாட்டுகிறார். இவர் அதைத் தகர்க்கிறார். ஆனால் அதற்கு மாறான கருத்து எதையும் தம்முடையது என்று நாட்டுவதில்லை. தருக்க நூல்களில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கலாம். ‘ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது உண்டாக்கப்படுவது, பானையைப் போல’ என்று ஒருவர் சொல்கிறார். ஒலி என்றும் உள்ளது என்று கொள்ளும் மீமாம்சகர் எழுந்து, ஒலி அழியாதது என்பதற்கு வேறு காரணங்கள் காட்டினால் அது ஜல்பமாகவோ வாதமாகவோ அமையும். வேறொருவர் எழுந்து, ‘ஒலி உண்டாக்கப்படுகிறது என்பதை எப்படி அறிந்தீர்? முன்பே இருந்தது இப்போது வெளிப்பட்டதாக ஏன் இருக்கக்கூடாது?’ என்று கேட்டுக் காரணத்தை உடைத்துவிட்டு, ஒலி அழிவதா அழியாததா என்பது பற்றித் தாம் எதுவும் சொல்லாமல் அமர்ந்துவிட்டால் அது விதண்டை. அவர் கூச்சலிட்டாரா, பண்பாகப் பேசினாரா என்பது இலக்கணத்தில் இல்லை.

சொற்பிறப்பைப் பொறுத்தவரை, ‘வி’ என்ற முன்னொட்டும் அடித்தல், தாக்குதல் என்ற பொருளுடைய ‘தண்ட்’ என்ற வேரும் சேர்ந்தது என்பதே மரபான விளக்கம். எதனால் எதிராளியின் பக்கம் அடித்து வீழ்த்தப்படுகிறதோ அது விதண்டை. தடியைக் குறிக்கும் தண்டம் வேறு சொல். வடமொழியில் அது ‘தண்டனை’ என்பதில் ஒலிக்கும் மெல்லிய தகரத்தில் தொடங்குகிறது. விதண்டையில் இருப்பது ‘தருக்கம்’ என்பதன் வல்லொலித் தகரம். தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே ‘த’வில் எழுதுவதாலும், சொல்லின் இடையில் வரும் தகரம் நம் நாவில் மென்மையாகிவிடுவதாலும் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. ‘வம்பு தண்டா’வின் தண்டா இந்துஸ்தானி வழியாக வந்தது, சச்சரவு என்பதே அங்கும் பொருள். ஒலி ஒத்துப்போனதாலும் பொருள் நெருங்கியிருப்பதாலும் பேசுவோர் மனத்தில் விதண்டாவாதமும் வம்புதண்டாவும் உறவாகிவிட்டன. இரண்டுக்கும் வேரில் தொடர்பில்லை.

குதர்க்கம் வேறு. ‘கு’ என்ற முன்னொட்டு இழிவைக் குறிப்பது. ஆகவே கெட்ட தருக்கம், கோணல் தருக்கம் என்பது அதன் பொருள். பிழையான காரணத்தால் தன் கருத்தை நிறுவுபவரும் குதர்க்கி ஆகலாம். விதண்டாவாதிக்கு நிறுவ ஒன்றும் கிடையாது. அவர் காட்டும் பிழைகள் உண்மையான பிழைகளாகவே இருக்கலாம்.

ஒரு செய்தியையும் சேர்க்க வேண்டும். ஜல்பத்தையும் விதண்டையையும் ஏன் கற்க வேண்டும் என்று நியாய சூத்திரமே நான்காம் அத்தியாயத்தின் இறுதியில் கேட்டுக்கொண்டு விடை சொல்கிறது: முளைவிடும் விதையைக் காக்க முள்கிளைகளால் வேலி இடுவதைப் போல, அடைந்த உண்மையைக் காக்க இவை இரண்டும் பயன்படுகின்றன. ஆகவே மூல நூலில் இது வசைச்சொல் அன்று. அவையில் இன்ன வகையில் பேசினார் என்பதைக் குறிக்கும் பெயர்.

தென்பொருநை:

ஏட்டுச்சுவடி வடமொழிப் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார். தமிழ்ப் பக்கத்தைப் பற்றிச் சில.

வாதம் என்ற சொல் தமிழில் பெருவழக்காவதற்கு முன்பே அவையேறி மாறுபட்டுப் பேசும் வழக்கம் இங்கே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வரிசைப்படுத்தும்போது பட்டினப்பாலை, ‘தொல்லாணை நல்லாசிரியர் உறழ் குறித்து எடுத்த உருகெழு கொடியும்’ என்கிறது. பலவற்றைக் கேட்டுத் தேர்ந்த ஆசிரியர்கள், தம்மோடு வாதிட வருக என்று அறைகூவிக் கொடி கட்டினார்கள். கள் விற்கும் இடத்தில் ஒரு கொடி, கப்பல்களின் மேல் ஒரு கொடி, அவற்றுக்கிடையே வாதத்துக்கும் ஒரு கொடி என்பது அந்நகரத்தைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது. ‘உறழ்’ என்பதே அங்கு வாதத்துக்குரிய சொல். மாறுபடுதல், எதிர்த்து நிற்றல் என்பது அதன் பொருள்.

அடுத்த படி மணிமேகலை. இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், ‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்று அழைக்கிறான். ‘வாதிகள்’ என்ற சொல், அவையேறி வாதிடுவோர் என்ற முழுப்பொருளோடு அங்கே வந்துவிட்டது. ‘பாங்கறிந்து’ என்பதைக் கவனியுங்கள்: ஏறும் தகுதியும் முறையும் அறிந்தே ஏற வேண்டும். உடனே அடுத்த அடிகளில், பகைவரோடு ஆனாலும் செற்றமும் கலாமும் செய்யாது விலகுங்கள் என்கிறான். செற்றம் என்பது நெஞ்சில் நின்றுவிட்ட சினம். கலாம் என்பது கைகலப்புக்குப் போகும் சண்டை. விழாவுக்கு முன்பே இப்படி எச்சரிக்க வேண்டியிருந்தது என்றால் வாதங்கள் எப்படி முடிந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அதே காப்பியத்தில், வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. இவர்களுள் எவருக்கும் விதண்டாவாதி என்ற பெயர் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொந்தக் கொள்கை இருக்கிறது. அந்தக் கொள்கையின் பெயரால்தான் அவர் வாதி.

கொடிக்கு இணையாக இன்னொரு வழக்கமும் உண்டு. பௌத்த மரபில் பத்தா குண்டலகேசி என்ற பெண், ஊர் வாயிலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவிட்டுப் போவாள். தன்னோடு வாதிட விரும்புவோர் அதை மிதித்துத் தள்ள வேண்டும் என்பது அறைகூவல். சாவத்தி நகரில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் சிறுவர்களைக் கொண்டு அதை மிதிக்கச் செய்து, வாதத்தில் அவளை வென்றார் என்பது பாலி நூல்கள் சொல்லும் வரலாறு. அவள் பெயரால் நாதகுத்தனார் செய்த தமிழ்க் காப்பியம் இன்று சில பாடல்களாகவே எஞ்சியிருக்கிறது. அதற்கு மறுப்பாகச் சமணர் செய்த நீலகேசி கிடைக்கிறது. அதில் நீலகேசி குண்டலகேசியில் தொடங்கி, அர்க்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதியர், பூதவாதி என்று ஒவ்வொருவராகச் சந்தித்து வாதிட்டுச் செல்கிறாள். தமிழில் பெண் ஒருத்தி வாதியாகவே வாழ்ந்து ஒரு நூல் முழுவதையும் நிரப்புவது இங்கேதான்.

விதண்டை என்ற சொல்லுக்கு வருவோம். திருக்குறளில் அவையஞ்சாமை அதிகாரத்தில் ‘ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்று ஒரு குறள் இருக்கிறது. ‘அளவு’ என்பதற்கு அளவை நூல், அதாவது தருக்கம், என்று பொருள் கொள்ளும் பரிமேலழகர், வேற்று வேந்தர் அவையில் எதிரியின் சொல்லை வெல்லும் சொல்லைச் சொல்வது வாதம், ஜல்பம், விதண்டை, சலம், சாதி முதலியவற்றைக் கற்றவர்க்கே இயலும் என்ற கருத்தில் உரை எழுதுகிறார். ‘சாதி’ என்பது இங்கே பிறப்பால் வரும் சாதியன்று. போலி ஒப்புமையால் மறுப்பதற்குத் தருக்கத்தில் உள்ள பெயர். விதண்டையைக் கற்க வேண்டிய கலைகளுள் ஒன்றாக, அதுவும் அமைச்சனுக்கும் தூதனுக்கும் உரியதாக, அவர் வைப்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம்.

தமிழ் இலக்கண நூலாரும் இதே வேறுபாட்டை வேறு பெயர்களில் அறிந்திருந்தனர். நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளை, சொல்லும்போது ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’ என்று ஒன்றையும், ‘பிறர்நூற் குற்றங் காட்டல்’ என்று வேறொன்றையும் தனித்தனியே வைக்கிறது. முன்னது தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்துவது. பின்னது பிறர் நூலில் குற்றம் மட்டும் காட்டுவது. என் எண்ணத்தில் விதண்டைக்கு மிக அருகில் நிற்பது இதுவே. பவணந்தியார் அதையும் ‘மதம்’ என்று மதித்தே பட்டியலில் சேர்த்தார். மாணவர்களுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கறார்வாசகன்:

மேலே இருவரும் விதண்டைக்குச் சற்று அதிகமாகவே வெள்ளையடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ‘மூலத்தில் வசைச்சொல் அன்று’ என்பது பாதி உண்மை. நியாய சூத்திரத்துக்கு முதலில் விரிவுரை எழுதிய வாத்ஸ்யாயனரே தம் நூலின் தொடக்கத்தில் விதண்டைக்காரரை மடக்குகிறார். ‘நீ பேசுவதன் பயன் என்ன?’ என்று கேட்க வேண்டும் என்கிறார் அவர். இன்ன பயன் என்று சொன்னால் அவனுக்கும் ஒரு கொள்கை இருக்கிறது, அத்தோடு அவன் விதண்டாவாதி என்ற நிலையை இழக்கிறான். பயனே இல்லை என்றால் அவன் உலக வழக்கில் நிற்பவனும் அல்லன், ஆராய்ச்சியாளனும் அல்லன். பிறர் கொள்கையின் குற்றத்தைத் தெரிவிப்பதே பயன் என்றாலும் அறிவிப்பவன், அறிபவன், அறியும் கருவி, அறியப்படும் பொருள் ஆகிய நான்கையும் ஒப்புக்கொண்டவன் ஆகிறான். இவ்வளவு கடுமையாக மடக்க வேண்டிய தேவை வந்தது, அக்காலத்திலேயே அத்தகையவர்கள் அவைகளில் தொல்லையாக இருந்ததால்தான்.

பழைய மருத்துவ நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்ற பகுதியைப் பார்த்தால் தொல்லையின் அளவு தெரியும். மருத்துவர்கள் கூடி உரையாடுவதை அந்நூல் இரண்டாகப் பிரிக்கிறது: நட்போடு கூடிப் பேசுவது ஒன்று, பகைமையோடு மோதுவது மற்றொன்று. விதண்டையும் ஜல்பமும் இரண்டாவதற்குள் வருகின்றன. அங்கே, எதிராளியையும் அவையையும் முதலில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்கிறது நூல். படிப்பு குறைந்தவன் எதிரே நின்றால் நீண்ட சூத்திரங்களை ஒப்பித்து அமிழ்த்து; பொருள் விளங்காதவனைக் கடினமான சொற்கள் நிறைந்த வாக்கியத்தால் மடக்கு; சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவனிடம் சுற்றிவளைத்த நெடும் வாக்கியங்களை வீசு என்றெல்லாம் வழி சொல்கிறது. நோயாளியை எடைபோடக் கற்பிக்கும் நூல், போட்டி வைத்தியரை எடைபோடவும் கற்பிக்கிறது! அரசவையில் வைத்தியருக்கு இடம் கிடைப்பதும் போவதும் இத்தகைய மோதல்களைப் பொறுத்திருந்திருக்கலாம் என்பதால் இதை வெறும் கயமை என்று ஒதுக்கவும் முடியவில்லை.

பௌத்தரான தர்மகீர்த்தி ‘வாதநியாயம்’ என்ற நூலில், சூழ்ச்சியால் வெல்வதைச் சான்றோருக்கு உரியதன்று என்று மறுத்தார். ஆக, கலைச்சொல்லாக இருந்த காலத்திலேயே அதன்மேல் ஒரு கறை இருந்தது. இன்றைய வசைப்பொருள் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

ஆனால் வேறோர் இடத்தில் பொருள் வழுக்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர் சொன்ன மூன்றாவது ஆள், சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளைத் திரிப்பவர், தருக்க நூல்களின்படி விதண்டாவாதியே அல்லர்; அவர் செய்வது ‘சலம்’. நியாய நூலில் சலம் மூன்று வகை. முதல் வகைக்கு எடுத்துக்காட்டு மிக எளிமையானது. ‘இந்தச் சிறுவன் நவகம்பளம் உடையவன்’ என்று ஒருவர் சொல்கிறார். புதிய கம்பளம் என்பது அவர் கருத்து. ‘நவ’ என்றால் ஒன்பது என்றும் பொருள் உண்டல்லவா? எதிராளி எழுந்து, ‘ஒரே ஒரு கம்பளம்தானே இருக்கிறது, மற்ற எட்டு எங்கே?’ என்கிறார். இன்னொரு வகைக்கு, ‘பரண்கள் கூவுகின்றன’ என்று ஒருவர் சொல்ல, ‘மரத்தால் செய்த பரண் எப்படிக் கூவும்? பரண்மேல் இருப்பவர்கள் அல்லவா கூவுவார்கள்?’ என்று கேட்பது எடுத்துக்காட்டு. வயலில் காவல் இருந்த எவருக்கும் முதலில் சொன்னவரின் கருத்து விளங்கும். விளங்காததுபோல் நடிப்பதுதான் சலம்.

சலம் என்ற சொல் வஞ்சனை என்ற பொருளில் குறளிலும் இருக்கிறது. ‘சலத்தால் பொருள்செய்தே மார்த்தல்’ என்று தொடங்கும் குறளை எண்ணிப் பாருங்கள். தருக்கத்தில் இருப்பதும் அதே சொல்தான். இன்றைய பேச்சில் சலம், சாதி, ஜல்பம் என்ற பெயர்களெல்லாம் மறைந்துபோய், அவை செய்த குற்றங்கள் அனைத்தும் விதண்டாவாதத்தின் தலையில் ஏறிவிட்டன. அடுத்தவரைப் பேசவிடாமல் கத்துவதற்கு இந்த நூல்கள் எதிலும் கௌரவமான பெயர் கிடையாது; அதைக் கத்தல் என்றே சொல்லலாம்.

வைகைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. ஒரு துணைக்கேள்வி எழுகிறது. எதிர்க்கருத்து எதையும் நிறுவாமல் பிறர் கருத்தை மட்டும் தகர்ப்பதே விதண்டை என்றால், பட்டிமன்றத்தில் பேசுபவர் விதண்டாவாதி ஆகமாட்டார் அல்லவா? அப்படியானால் நேர்மையான விதண்டை என்று ஒன்று இருக்க முடியுமா? அதற்கு எடுத்துக்காட்டு யார்?

ஏட்டுச்சுவடி:

பட்டிமன்றப் பேச்சாளர் ஆகமாட்டார் என்பது சரி. காரைக்குடிக் கம்பன் கழக விழாக்களிலும் குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகளிலும் வளர்ந்த பட்டிமன்றத்தின் அமைப்பைப் பாருங்கள்: இரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் முன்பே வகுத்த ஒரு தலைப்பு, நடுவே தீர்ப்புச் சொல்ல ஒருவர். தன் அணியின் தலைப்பை நிறுவாமல் எதிரணியைக் கிண்டல் செய்துவிட்டு மட்டும் அமர்ந்தால் நடுவரே சுட்டிக்காட்டிவிடுவார். கைதட்டலுக்காகச் சலத்தைக் கலந்தாலும் வடிவத்தில் அது ஜல்பம்.

நேர்மையான விதண்டைக்கு மிகப் பெரிய பெயர் பௌத்த மெய்யியலாரான நாகார்ஜுனர். ‘விக்ரஹவ்யாவர்த்தனி’ என்ற சிறு நூலில், தமக்கு எதிராக எழும் மறுப்புகளுக்கு விடை சொல்லும்போது, ‘எனக்கென்று ஒரு கோள் (நிறுவ வேண்டிய கொள்கை) இருந்தால் அல்லவா அந்தக் குற்றம் எனக்கு வரும், எனக்குக் கோளே இல்லை, ஆகவே குற்றமும் இல்லை’ என்ற கருத்துப்பட எழுதுகிறார். எதிராளியின் கொள்கையை அவர் ஒப்புக்கொண்ட அடிப்படையிலிருந்தே முரண்படச் செய்து காட்டுவது அவர் முறை. நியாய மரபினர், நாகார்ஜுனர் வழிவந்த மாத்தியமிகரை விதண்டாவாதிகள் என்று சாடியது இதனால்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அத்துவைத வேதாந்தியான ஸ்ரீஹர்ஷர், ‘கண்டனகண்டகாத்யம்’ என்ற நூலில் நியாய மரபின் இலக்கண வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகர்த்தார். அறிவு என்றால் என்ன, சான்று என்றால் என்ன என்று நீங்கள் தரும் எந்த வரையறையும் நிற்காது என்று காட்டினாரே ஒழிய, மாற்று வரையறைகளை அவர் வைக்கவில்லை. அந்த அடிக்குப் பிறகு நையாயிகர்கள், அதாவது நியாய மரபினர், தங்கள் வரையறைகளை இன்னும் இறுக்கமாக எழுத வேண்டியதாயிற்று. வாத்ஸ்யாயனர் கேட்ட ‘பயன் என்ன?’ என்ற கேள்விக்கு வரலாறு தந்த விடைகளுள் இதுவும் ஒன்று என்று கறார்வாசகனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நூற்பெயரில் வரும் ‘கண்டனம்’ மறுத்துத் துண்டாக்குவது என்ற பொருளுடையது. நாவலர் காலம் வரை தமிழ்ச் சமய உலகில் கண்டனம் என்றால் மறுப்பு நூல்தான். இன்று நாம் கண்டனக் கூட்டம் போடுகிறோம். அங்கே எவரும் எதையும் வரிவரியாக மறுப்பதில்லை.

தென்பொருநை:

விதண்டைக்கு நேர் எதிரான அமைப்பைத் தமிழில் காண வேண்டுமானால் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரைச் சொல்லலாம். நூலே இரண்டு பகுதி. பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தினரின் கொள்கைகளை முதலில் அவரவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பிறகு மறுக்கிறார். அதோடு நின்றிருந்தால் விதண்டை. அடுத்து வரும் சுபக்கத்தில் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களை அடியொற்றித் தம் சித்தாந்தத்தை நிறுவுகிறார். மாணவர்களுக்குப் பயிற்சி தருவதானால் இந்த ஒழுங்கையே தரலாம்: எதிரியின் கருத்தை அவரே ஒப்பும்படி எடுத்துரைப்பது, பிறகு மறுப்பது, அதன்பின் தன்னுடையதை நாட்டுவது. முதல் படியைத்தான் நம்மில் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

வாதில் வல்லவர் என்பது குடும்பப் பெயராகவே நிலைத்த வரலாறும் உண்டு. வைணவ ஆசாரியரான மணவாள மாமுனிகளின் எட்டுத் தலைமைச் சீடர்களான அட்டதிக்கசங்களுள் ஒருவரும், திருவேங்கடமுடையான் சுப்ரபாதத்தை இயற்றியவருமான அண்ணாவுக்குப் ‘பிரதிவாதி பயங்கரம்’ என்பது பட்டம். எதிர்வாதிக்கு அச்சம் தருபவர் என்பது பொருள். தேனொழுகப் பாடிய பின்னணிப் பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸின் தலைப்பெழுத்துகள் அந்தப் பட்டத்தின் சுருக்கமே.

கச்சேரித்தெரு:

நான் வழக்கறிஞர் தொழிலில் இருப்பவன். வாதி, பிரதிவாதி என்ற இரண்டு சொற்களும் இன்றும் கலைச்சொல்லாகவே உயிரோடு இருப்பது எங்கள் நீதிமன்றங்களில்தான் என்பதால் எழுதுகிறேன்.

உரிமையியல் வழக்கில் வழக்குரை தாக்கல் செய்பவர் வாதி, எதிருரை தாக்கல் செய்பவர் பிரதிவாதி. குற்றவியல் வழக்கில் அச்சொற்கள் வருவதில்லை. அங்கே அரசுத் தரப்பும் எதிரியும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரும், இருப்பார்கள். நீங்கள் மேலே கொடுத்த இலக்கணத்தை அப்படியே பொருத்தினால், குற்றவியல் வழக்கில் எதிரி தரப்பு வழக்கறிஞர் செய்வது பெரும்பாலும் நேர்மையான விதண்டைதான். குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டிய சுமை அரசுத் தரப்பின் மேல் இருக்கிறது. வேறு யார் குற்றம் செய்தார் என்று நான் நிறுவ வேண்டியதில்லை. சாட்சி நின்றதாகச் சொன்ன இடத்திலிருந்து சம்பவ இடம் தெரியுமா, இரவு நேரத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவரிடம் போய்ச் சேர ஏன் இவ்வளவு தாமதம் என்று குறுக்கு விசாரணையில் கேட்டுக் கேட்டு அரசுத் தரப்புக் கதையில் ஓட்டை விழுந்தால் போதும். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகும். இதை விதண்டாவாதம் என்று வெளியே இருப்பவர்கள் ஏசுவார்கள். சட்டம் அதை உரிமையாக வைத்திருக்கிறது.

உரிமையியல் பக்கத்தில் நிலை வேறு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 8, எதிருரையில் வாதியின் கூற்றுகளைப் பொத்தாம்பொதுவாக மறுத்தால் போதாது, ஒவ்வொன்றையும் குறிப்பாக மறுக்க வேண்டும் என்கிறது. குறிப்பாக மறுக்காத கூற்றை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். மழுப்பலாக மறுப்பதும் உதவாது. இன்ன தேதியில் இன்ன தொகை வாங்கினார் என்று வழக்குரையில் இருந்தால், ‘அந்தத் தேதியில் அந்தத் தொகையை வாங்கவில்லை’ என்று மட்டும் எழுதுவது போதாது. அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை, அல்லது இவ்வளவுதான் வாங்கினேன் என்று எழுத வேண்டும். கறார்வாசகன் சொன்ன நவகம்பளக்காரர் எதிருரை எழுதினால் வழக்கு அன்றே கைவிட்டுப் போகும்.

வைகைக்கரை:

நன்றி ஐயா. அடுத்த பயிற்சியில் மாணவர்களை மூன்று வகையாகவும் பேச வைத்துப் பார்க்கிறேன். எழுதும் முறையில் மட்டும் ஓர் ஐயம்: விதண்டாவாதம், விதண்டவாதம், விதண்டை என்று மூன்று விதமாகப் பார்க்கிறேன். எது சரி?

ஏட்டுச்சுவடி:

மூலச்சொல் ஆகாரத்தில் முடிவது. அத்தகைய சொற்கள் தமிழில் தனியே வரும்போது ஐகாரம் பெறும்: சபா சபை ஆனதுபோல, மாலா மாலை ஆனதுபோல, விதண்டா விதண்டை ஆகும். தொகைச்சொல்லாகச் சேரும்போது பழைய ஆகாரம் நின்றுவிடுகிறது, ஆகவே விதண்டாவாதம். இரண்டும் சரி. விதண்டவாதம் என்று குறுக்கி எழுதுவது பேச்சு வழக்கு. தேர்வுத்தாளில் எழுத வேண்டாம். ஆளைக் குறிக்க வடமொழியில் வைதண்டிகர் என்ற வடிவமும் உண்டு. தமிழில் விதண்டாவாதி என்பதே வழக்கில் நிற்கிறது.